தலைமாட்டுக் கல்

ரஞ்சிதம் குடத்தை இரண்டாவது தடவையாக இறக்கி வைத்தாள். ஓடையிலிருந்து வீட்டுக்கு நூறு தப்படி கூட இல்லை. உள்ளே அப்பன் மாதையனின் உடம்பைக் குளிப்பாட்டத் தண்ணீருக்குக் காத்திருந்தார்கள். வாசலில் நின்று பார்த்த தங்கை சாந்தம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நடிப்பு.

ரஞ்சிதத்தின் இதே உடம்புதான் எழுபத்து மூன்றாம் வருடத்தில், மகன் என்ற பேரில், சாமை மூட்டையை ஒற்றை ஆளாகத் தோளில் ஏற்றிப் புதூர்நாட்டுச் சந்தைக்கு நடந்தது. ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. அப்புறம் மூட்டை சுமந்து முதுகு ஒடிந்தது அப்பன்தான். சாந்தம்மாள் பி.ஏ. முடித்ததும் அந்த முதுகின் மேல்தான். பத்து வருடம் கழித்து, புடவை கட்டிக்கொண்டு சாவுக்கு வந்து நின்றவள் சொல்கிறாள்:

“டாக்டர்கிட்ட ஆபரேசன் பண்ணிக்கினு நாலு வருசம் ஆவுது சாந்தா. பொம்பள ஒடம்புக்கு மாத்திரையும் முழுங்கறேன். பழைய தெம்பு கைல இல்ல.”

தோள் மட்டும் அதே அகலம் இருக்கிறதே? யார் நம்புவது?

சித்தப்பன் தீர்த்தகிரியும் நம்பவில்லை. அந்த ஊரில் மூத்த ஆண்பிள்ளைதான் ஓடையிலிருந்து கல் தூக்கி வந்து குழியின் தலைமாட்டில் வைக்க வேண்டும். வழியில் கல் தரையைத் தொட்டால் செத்தவர் வீடு திரும்பிவிடுவார் என்பார்கள். அம்மா செத்தபோது ரஞ்சிதம் வைத்த கல்லை இன்னும் ஊர் காட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு இணையாக ஒன்றைக் காலையிலேயே பார்த்து வைத்துவிட்டார் சித்தப்பன்.

“தூக்கிட்டா ஆம்பள, வேசம் கலஞ்சிபூடும். தூக்கலன்னா மூத்த புள்ளயே இல்ல, எம்புள்ள தசரதன் வைப்பான்” என்று அவர் யாரிடமோ சொல்லிச் சிரித்தது சாந்தம்மாள் காதில் விழுந்தது. எப்படிப் பார்த்தாலும் அப்பனுக்கு ரஞ்சிதம் என்றொரு பிள்ளை இல்லை. சாந்தம்மாளுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் வேவு பார்க்கத்தான் ஓடைக்குப் போனாள்.

ரஞ்சிதம் முந்தானையைச் செருகிக்கொண்டு குந்தினாள். கல் முழங்கால் வரை மேலே வந்தது. சாந்தம்மாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, முகம் நடிக்கும். முன்னங்கையைப் பார்த்தாள். மூட்டை தூக்கும்போது கயிறாய்ப் புடைக்குமே, அந்த நரம்பைத் தேடினாள். காணோம். வழவழப்பான சதை நடுங்கிக்கொண்டிருந்தது. விரல் நுனிகள் வெளுத்தன. கல் வழுக்கியது. ரஞ்சிதம் விடாமல் அதை வயிற்றோடு அணைத்து, “இருப்பா, இரு” என்று செத்த அப்பனிடம் பேசுவதுபோல் முனகினாள்.

“தசரதா, வாடா” என்றார் தீர்த்தகிரி.

சாந்தம்மாள் தண்ணீரில் இறங்கிக் கல்லுக்கு அடியில் கை கொடுத்தாள்.

“ஏய், இன்னா பண்ற? பொட்டச்சி கல்லத் தொடக் கூடாது.”

“தொட்டுட்டமே சித்தப்பா. ரெண்டு பேருமே.”

மேடேறும்போது ரஞ்சிதத்தின் மூச்சு அவள் முகத்தில் அடித்தது.

“கால்ல போட்டுக்கப் போற, பாத்து” என்றாள் ரஞ்சிதம்.

“கம்முனு நட.”

கல் தரையைத் தொடவில்லை. பாசி படிந்த அம்மாவின் கல்லுக்குப் பக்கத்தில் அதை வைத்தபோது தீர்த்தகிரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

திரும்பியதும் வீடு கழுவத் தண்ணீர் வேண்டியிருந்தது. ஓடையில் ரஞ்சிதம் குடத்தை விளிம்பு வரை முக்கி எடுத்தாள். சாந்தம்மாள் அதை வாங்கி, பாதியைத் தன் குடத்தில் சாய்த்துக்கொண்டு, மீதியை அவள் இடுப்பில் வைத்தாள்.