ஹேங்கரில் வந்த சார்

எங்கள் ஊர் இரும்புக்கடைத் தெருவில் பெண்கள் தனியாக வந்து பேசினால் கடைக்காரர்கள் காதில் விழாது. கூட ஓர் ஆண்பிள்ளைச் சட்டை இருக்க வேண்டும். ஆளே வர வேண்டுமென்பதில்லை, ஹேங்கரில் மாட்டிக்கொண்டு வந்தாலும் போதும். டீ-ஷர்ட் என்றால் "தம்பி" என்பார்கள். பட்டன் வைத்த அரைக்கைக்கு "சார்". முழுக்கைக்கு நாற்காலி போடுவார்கள்.

மோட்டார் மெக்கானிக் மரகதவல்லியிடம் இருந்தது, அவள் அண்ணன் துபாய்க்குப் போகும்போது விட்டுப்போன நீலக்கோடு போட்ட அரைக்கை. பன்னிரண்டு வருஷத் தொழில். ஊரில் முக்கால்வாசி மோட்டார் அவள் கை பட்டு ஓடுவதுதான். ஆனால் ஒரு சுவரிலாவது அவள் பேர் இருக்கிறதா என்றால், கிடையாது. அந்த வயிற்றெரிச்சல் அவளுக்கு நிறையவே உண்டு. அன்றைக்குக் கல்யாண மண்டபத்து மோட்டார் நின்றுபோயிருந்தது. சாயங்காலம் பெண்ணழைப்பு. அதற்குள் தண்ணீர் ஏறிவிட்டால் மோட்டார் ரூம் சுவரில் மெக்கானிக் பேரைப் பெயிண்டில் எழுதுவதாக மேனேஜர் ராஜாமணி சொல்லியிருந்தார்.

கடைக்காரர் சீனிச்சாமி சட்டையைக் கண்டதும் எழுந்தார்.

"வாங்க சார். என்ன வேணும்?"

"அம்பது மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒண்ணு," என்றாள் மரகதவல்லி.

அந்த நேரம் சுவர் ஃபேன் இந்தப் பக்கம் திரும்பியது. சட்டையின் வலது கை லேசாக எழும்பி, முப்பத்தாறு அடுக்கியிருந்த தட்டைக் காட்டியது.

"சார் முப்பத்தாறு கேக்குறாரு."

"அம்பதுங்க. முப்பத்தாறு போட்டா மோட்டார் உறுமும், சுத்தாது. உள்ள இருக்குற காயில் கம்பி கருகிப் போயிரும்."

"இருங்கம்மா, சார் பேசிக்கிட்டிருக்காருல்ல."

அதுவும் நியாயம்தான். அவள் ஹேங்கரை இடக்கைக்கு மாற்றிப் பிடித்தாள். அடுத்த சுற்றில் சட்டைக் கை சரியாக ஐம்பதைக் காட்டியது.

"இப்ப அம்பதுன்னு சொல்றாரு, பாருங்க."

"சார் ஒரு தடவை சொன்னா சொன்னதுதான். வாக்கு மாறுற ஆளா அவரு?" என்று சீனிச்சாமி முப்பத்தாறைக் காகிதத்தில் சுற்ற ஆரம்பித்தார்.

இத்தனை வருஷம் காயில் சுற்றிய கை, ஒரு வெறும் சட்டைக் கைக்கு முன்னால் எடுபடவில்லையே என்று மரகதவல்லிக்கு அழுகையாக வந்தது. தெருவில் வேறு கெபாசிட்டர் கடையும் கிடையாது.

நல்லவேளை, கரண்ட் போனது. ஃபேன் நின்றது. சட்டை அசையாமல் தொங்கியது.

"சார்?" என்றார் சீனிச்சாமி. சார் பேசவில்லை. "டீ சொல்லட்டுமா சார்?" அதற்கும் பதில் இல்லை. சீனிச்சாமிக்கு வேர்த்து ஊற்றியது.

"சார் கோவமா இருக்காரு. நீங்களாவது முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். கடையில் இருந்த கெபாசிட்டர் அத்தனையையும் எடுத்து மேஜை மேல் பரப்பினார். மரகதவல்லி ஐம்பதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். வெயில் கொளுத்தியதால் சீனிச்சாமி தெருமுனை வரை குடை பிடித்து வந்தார், சட்டைக்கு.

இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது. நாலு மணிக்கு மண்டபத்து டேங்க் நிரம்பி வழிந்தது. ராஜாமணி பெயிண்டரோடு வந்து சட்டையின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சாரோட பேரு?"

இதற்காகத்தானே பன்னிரண்டு வருஷம்.

"மரகதவல்லி," என்றாள் சத்தமாக.

"சாருக்குப் பொருத்தமான பேரு," என்றார் ராஜாமணி.

பெயிண்டர் பச்சைப் பெயிண்டில் நிதானமாக எழுதினார்: திரு. மரகதவல்லி, மோட்டார் மெக்கானிக். அவள் இரண்டு தடவை வாசித்தாள். சந்தோஷமாகவும் இருந்தது, கையிலிருந்த பையை யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரியும் இருந்தது.

"உங்க பேரு என்னம்மா?" என்று ராஜாமணி அவளைக் கேட்டார்.

யோசித்துப் பார்த்தாள். இருந்த ஒன்றையும் கொடுத்தாயிற்று.

"எனக்கு இன்னும் வைக்கலைங்க."

"அதனாலென்ன, வியாழக்கிழமை மண்டபம் காலியாத்தான் இருக்கு. பேர் வைக்கிற விழாவ அன்னைக்கே வச்சிக்கிடலாம்," என்று ராஜாமணி டைரியைப் புரட்டினார்.

தன் ஐந்தேகால் அடி உயரத்துக்குத் தொட்டில் கிடைக்குமா என்று மட்டும் அவள் கேட்டாள். கிடைக்கும் என்றார். போன மாதம்கூட ஒரு ஹெட்மிஸ்ட்ரஸ் வந்து அதில்தான் படுத்தாராம். இரண்டு பேர் சேர்ந்து ஆட்டினால் நன்றாகவே ஆடுமாம்.