முதல் சுற்றில் அழுத்தக் கூடாது

1

இந்தக் கதை ஒரு இரும்புப் பட்டறையில், ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது எனக்குக் கிடைத்தது. கிடைத்தது என்பதுகூடச் சரியில்லை. இரண்டு பேர் என் வழியாக அதைப் பேசிக்கொண்டார்கள். நான் டெலிபோன் கம்பி மாதிரி நடுவில் இருந்தேன், அவ்வளவுதான்.

என் தையல் மெஷினில் காலால் மிதிக்கிற சட்டம் உடைந்துவிட்டது. பற்றவைத்து வாங்கலாம் என்று போனேன். பட்டறையில் ஒரு கணவன், ஒரு மனைவி. தெருவில் அவரை மாஸ்டர் என்பார்கள், அவளை மாஸ்டரம்மா என்பார்கள். அந்தப் பெயர் அவளுக்குப் பிடிக்காது. இரும்பில் அளந்து குறிபோடுகிற வேலை முழுக்க அவளுடையது. அவள் குறித்த இடத்தில் அவர் மெஷினை இறக்கித் துளை போடுவார். குறி பிசகினால் எவ்வளவு பெரிய மெஷினும் பிசகான இடத்தில்தான் துளை போடும். அப்படியிருக்க யார் மாஸ்டர், யார் அம்மா என்பது அவள் கேள்வி.

அன்றைக்கு இருவருக்கும் பேச்சு இல்லை. பேச்சு இல்லாத வீட்டுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறீர்களா? அங்கேதான் பேச்சு அதிகம். குழந்தையிடம் சொல்வார்கள், பூனையிடம் சொல்வார்கள், ஒன்றும் இல்லாவிட்டால் சுவரிடம் சொல்வார்கள். அன்றைக்குச் சுவருக்குப் பதில் நான் அகப்பட்டேன்.

எனக்குக் கதை எப்போதும் பேச்சாகத்தான் வரும். முகம் பிறகு வரும். சில சமயம் வராமலே போய்விடும். இதில் முதலில் வந்தது இந்த ஒரு வரி:

"முதல் சுத்துல அழுத்தக் கூடாதுன்னு சொல்லுங்கம்மா."

சொன்னவள் மனைவி. கேட்க வேண்டியவர் அவளிடமிருந்து கையெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

2

தொடக்கத்தைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன்.

[பட்டறையின் தகரக் கூரை வெயிலில் படபடவென்று] வேண்டாம். அன்றைக்குக் கூரையை யாரும் பார்க்கவில்லை.

[மனித மனமும் இரும்பைப் போலத்தான், சூடேறினால்] இதை அடித்த வேகத்தில் தாள் கிழிந்துவிட்டது.

[அவளுக்கு வேலை கிடைத்திருந்தது.] இது பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. வேறு ஊரில் ஒரு பெரிய தொழிற்சாலை. குறிபோடுகிற பிரிவுக்கு ஆள் தேடினார்களாம். பட்டறைக்கு வந்துபோன யாரோ அவள் கையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். அங்கேயே தங்க வேண்டும், விடுமுறைக்கு வந்து போகலாம். அன்று மாலை அங்கிருந்து போன் வரும், வருவாளா மாட்டாளா என்று சொல்லிவிட வேண்டும். அவள் கணவரிடம் கேட்டிருக்கிறாள். அவர் "உன் இஷ்டம்" என்றாராம்.

அதோடு பேச்சு நின்றது.

உன் இஷ்டம். இரண்டே சொல். இதில் இருப்பது சம்மதமா, மறுப்பா, எனக்கென்ன போச்சு என்பதா? கல்யாணமான யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், உடனே பதில் வராது. முதலில் ஒரு பெருமூச்சு வரும். அவள் என்னிடம் சொன்னதை மாற்றாமல் தருகிறேன்:

"போன்னு சொல்லியிருந்தா போயிருப்பேன். போகாதன்னு சொல்லியிருந்தா சண்டை போட்டுட்டுப் போயிருப்பேன். இதுக்கு நான் என்னம்மா பண்றது?"

3

இந்த இடத்தில் ஒன்றை உடைத்துச் சொல்லிவிட வேண்டும். பட்டறை மேடைமேல் கிடந்த வட்டமான இரும்புத் தட்டில் அன்றைக்குப் போட வேண்டியிருந்தது ஆறு துளை. கதையில் அதை ஏழாக்கிவிட்டேன்.

காரணம் இருக்கிறது. பள்ளிக்கூடத்து ஜாமெட்ரி பெட்டியில் இரண்டு காலிலும் ஊசியோடு ஒன்று இருக்குமே, அதன் பெரியண்ணன் மாதிரி பட்டறையில் ஒரு டிவைடர் வைத்திருக்கிறார்கள். ஒரு காலை நடுவில் ஊன்றி, இன்னொரு காலால் வட்டம் கீறுகிறார்கள். துளைகள் எல்லாம் அந்த வட்டத்தின்மேல் சம தூரத்தில் வர வேண்டும். ஆறு துளை என்றால் வேலையே இல்லை. வட்டம் கீறிய விரிப்பை மாற்றாமல், டிவைடரை வட்டத்தின் மேலேயே எட்டுவைத்து நடத்திக்கொண்டு போனால் ஆறாவது எட்டில் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கும். நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து கவராயத்தைத் தேடியெடுத்துத் தாளில் செய்து பார்த்தேன். வந்து நின்றது. சின்ன வட்டத்தில் பார்த்தேன், பெரிய வட்டத்தில் பார்த்தேன், அடுப்பில் பால் பொங்கி வழிகிறவரைக்கும் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் வந்து நின்றது.

அழகுதான். ஆனால் தானாக வந்து நிற்கிற எண்ணில் எனக்கு என்ன வேலை? ஆறு என்றால் அவரே குறித்துக்கொள்வார், அவள் தேவையில்லை. ஏழுக்கு அப்படி ரெடிமேட் விரிப்பு கிடையாது. தேடித்தான் பிடிக்க வேண்டும். எனவே ஏழு.

மாஸ்டர் ஒப்புக்கொள்ளவில்லை. என் தலைக்குள் நின்றுகொண்டு, ஏழு துளை எந்தக் கம்பெனிக்காரன் கேட்பான் என்றார். நியாயமான கேள்வி. பம்பு மூடி என்று எழுதிப் பார்த்தேன். பம்புக்கு நாலு, ஆறு, எட்டுதான் வரும் என்றார். கடைசியில் ஒரு பாலர் பள்ளியைக் கட்டினேன். அதில் ஏழே குழந்தைகள். அவர்கள் உட்கார்ந்து சுற்ற ஒரு சின்ன ராட்டினம், அதற்கு ஏழு கை, ஏழு கையையும் போல்ட் போட்டு முடுக்க நடுவில் ஒரு தட்டு. இடைவெளி சமமாக இல்லாவிட்டால் ராட்டினம் ஆடும், குழந்தைக்குத் தலை சுற்றும்.

எட்டாவது குழந்தை சேர்ந்தால் என்ன செய்வீர்கள் என்றார். டீச்சரிடம் போய்க் கேளுங்கள் என்று வாயை அடைத்தேன்.

4

என் சட்டத்தை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, மாஸ்டர் மேடைமேல் கிடந்த வட்டத் தட்டை முன்னால் இழுத்துப் போட்டார். சாக்பீஸைத் தேய்த்து வெள்ளையாக்கினார். டிவைடரை எடுத்தார். அவள் கடைசல் மெஷின் அருகே துணியை வைத்துக்கொண்டு ஏற்கெனவே சுத்தமாக இருந்த இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் கையில் டிவைடரைப் பார்த்ததும் துணி நின்றது. அது அவளுடைய சாமான்.

ஏழைப் பிடிக்கிற விதம் இது. வட்டம் கீறிய விரிப்பைவிடக் கொஞ்சம் குறைத்து, உத்தேசமாக ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வர வேண்டும். ஏழாவது எட்டு புறப்பட்ட இடத்துக்கு வந்து சேராமல் கொஞ்சம் இடைவெளி மிஞ்சும். அந்த மிச்சத்தில் ஏழில் ஒரு பங்கை மட்டும் டிவைடரில் கூட்டிக்கொண்டு மறுபடி போக வேண்டும். மிச்சம் குறையும். மறுபடி அதே மாதிரி. இத்தனை சுற்றிலும் முனை இரும்பைத் தொட்டும் தொடாமலும் போக வேண்டும். ஏழும் சரியாக உட்கார்ந்த பிறகுதான் அழுத்தலாம்.

(அவள் உத்தேசமாகக்கூட வைப்பதில்லை. ஆறாகப் பிரித்து, ஒன்று விட்டு ஒன்றைக் கோட்டால் இணைத்தால் ஒரு முக்கோணம் வருகிறது. அதன் ஒரு பக்கத்தில் பாதிதான் ஏழுக்கு உரிய எட்டு என்று வைத்துக்கொள்கிறாள். மயிரிழைதான் குறையும், அதைக் கடைசியில் தட்டிச் சரிபண்ணிக்கொள்வாளாம். இதை முதல் முதலில் கண்டுபிடித்த ஆள் அன்றைக்கு வீட்டில் யாரைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பார் என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. கதைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் எடுத்துவிட மனம் வரவில்லை.)

மாஸ்டர் வட்டம் கீறிவிட்டு, முதல் சுற்றிலேயே அழுத்தினார். ஒவ்வொரு எட்டிலும் நறுக், நறுக் என்று குழி விழுந்தது. கடைசியில் ஒரு விரல்கடை மிஞ்சியது. அந்த விரல்கடையை அப்படியே டிவைடரில் கூட்டினார். ஒவ்வொரு எட்டிலும் சேர்ந்து அது ஏழு தடவை கூடி, புறப்பட்ட இடத்தைத் தாண்டி எங்கேயோ போனது. பிறகு குறைத்தார். குறைத்த பிறகு முனையைப் புது இடத்தில் வைக்கப் பார்த்தால், பக்கத்திலேயே பழைய குழி. முனை வழுக்கி அதற்குள் விழுந்தது. அடுத்ததும் விழுந்தது.

அப்போதுதான் அந்த முதல் வரி வந்தது. நான் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

"அழுத்தக் கூடாதாம்."

"காது கேக்குதுன்னு சொல்லுங்க."

"கேக்குதாம்."

"இப்ப கேட்டு என்ன? குழி விழுந்தாச்சுல்ல. இனி எவ்வளவு திருத்தி வெச்சாலும் முனை பழைய தப்புலதான் போய் விழும். சொல்லுங்க."

இதை நான் சொல்லவில்லை. சொல்லாமலே அவர் முகம் கேட்டுக்கொண்டிருந்தது.

5

இங்கே வந்து எனக்கு எழுத்து நின்றுவிட்டது. பல நாள் நின்றது. மாஸ்டர்மேல் சந்தேகம்.

இந்த மனுஷன் காலமெல்லாம் துளை போட்டவர். துளை போடுவதற்கு முன்னால் சென்டர் பஞ்ச் என்கிற கூர்முனைக் கம்பியைச் சுத்தியலால் தட்டி ஒரு குழி வைப்பார்கள். எதற்கு? மெஷினின் முனை அலையாமல் அந்தக் குழியில் போய் உட்காரத்தான். கூர்முனை குழியைத் தேடிப் போகும் என்பது அவருக்குச் சோறு போடுகிற சங்கதி. அது தெரியாமல் அழுத்தினார் என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்களா? நானே நம்பவில்லை.

அப்படியானால் தெரிந்தே அழுத்தினார். நீ இல்லாவிட்டால் இங்கே ஒரு தட்டுகூட உருப்படாது, பார், என்று சொல்ல வாய் வராமல் கையால் சொன்னார்.

இதை எழுதி முடித்துத் தூங்கப் போனேன். காலையில் படித்தால் வேறு மாதிரி இருந்தது. அவளுடைய டிவைடரை அவர் எதற்குக் கையில் எடுத்தார்? அவள் போய்விட்டால் குறிபோடவும் அவர்தானே வேண்டும்? பட்டறையைப் பற்றிக் கவலைப்படாமல் நீ கிளம்பு, நான் சமாளித்துக்கொள்வேன் என்று காட்ட நினைத்திருக்கலாம். பெண்டாட்டி முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் எந்தக் கையும் அழுத்திவிடும். தெரிந்த வேலையே தடுமாறும்.

அவரையே பேசவைத்துவிடலாம் என்று பார்த்தேன்.

["நீ போயிட்டா இந்தப் பட்டறைல எனக்கு என்ன] முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

["தைரியமா போயிட்டு வா. இங்க எல்லாம் நான் பாத்துக்] இதற்கும் வரவில்லை. சென்டர் பஞ்சைத் தேடுகிற மாதிரி பெட்டிக்குள் குனிந்துவிட்டார்.

பேசாத ஆளை வைத்துக்கொண்டு பேச்சால் கதை எழுதுகிறவள் படுகிற பாடு இது. யாரிடம் போய்ச் சொல்ல?

6

அவள் துணியைப் போட்டுவிட்டு மேடைக்கு வந்தாள். தட்டின்மேல் இருந்த சாக்பீஸ் பொடியை ஊதினாள். ஒவ்வொரு குழியாக விரல் நகத்தால் தடவிக்கொண்டு போனாள், ஒரு முழுச் சுற்று. டிவைடரை வாங்கிக்கொள்ளப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். வாங்கவில்லை.

"தட்டைத் திருப்பிப் போடச் சொல்லுங்கம்மா. பின்பக்கம் குழி இல்ல."

நான் சொல்வதற்குள் அவர் திருப்பிவிட்டார். சாக்பீஸ் தேய்த்தார். வட்டம் கீறினார். டிவைடரைக் கொஞ்சம் குறைத்தார். ஆனால் முதல் எட்டை வைக்கவில்லை. கையை வட்டத்துக்கு மேலேயே வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு அவர் கை தெரிந்தது. கனமான கை. 

மேடை ஓரத்தில் இருந்த போன் அடித்தது. வேறு ஊர் நம்பர். இருவரும் அதைப் பார்த்தார்கள். அவள் எடுக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள். இப்போது குரலில் கோபம் இல்லை. எனக்கு இருந்த அதே ஆவல் அவளுக்கும் வந்துவிட்டிருந்தது.

"தெரிஞ்சேதான் அழுத்தினாரான்னு கேளுங்கம்மா."

7

பட்டறையில் நிஜமாகவே என்ன நடந்தது என்று கேட்பீர்கள். 'உன் இஷ்டம்' நிஜம். அழுத்தக் கூடாது என்று அவள் சொன்னதும் நிஜம். ஆறு துளைக்கே அவர் அப்படி அழுத்திக்கொண்டிருந்தார். ஆனால் ஆறு என்பதால் அது எப்படியோ வந்து நின்றுவிட்டது. என் சட்டத்தைப் பற்றவைத்துக் கொடுத்தார்கள், போன் வருவதற்கு முன்னால் நான் கிளம்பிவிட்டேன். கடைசிக் கேள்வி மட்டும் என்னுடையது. அவள் கேட்கவில்லை, நான் கேட்கவைத்தேன்.

கேட்கவைத்த பிறகுதான் தெரிந்தது, எனக்குப் பதில் தெரியாது என்று.

ஆமாம் என்றால், அவள் போகக் கூடாது என்பதற்காக ஒரு நல்ல தட்டைக் கெடுத்த மனுஷன். அதைக் கேட்டு அவள் சிரிக்கலாம். இத்தனை வருஷமாக இதை வாயால் சொல்ல முடியவில்லையா என்று அந்தக் கோபத்திலேயே போனை எடுத்து வருகிறேன் என்று சொல்லலாம். இல்லை என்றால், அவள் போவதற்காகத் தெரியாத வேலையைக் கற்றுக்கொள்ளப் பார்த்த மனுஷன். அப்படிப்பட்டவரை விட்டுவிட்டுப் போக அவளுக்குக் கால் வராமலும் போகலாம். எந்தப் பதிலுக்கு எது என்று நான் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மிஞ்சுகிறது.

தாளைத் திருப்பிப் போட்டு எழுதிக்கொண்டே இருக்கலாம். ஆனால் போன் அவ்வளவு நேரம் அடிக்காது.

அதனால் நான் எழுந்துகொள்கிறேன். நீங்கள் வந்து உட்காருங்கள். ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை, பார்த்து. கேள்வியை நான் அவரிடம் சேர்த்துவிட்டேன். அவர் டிவைடரைக் கீழே வைத்துவிட்டார், உங்களைத்தான் பார்க்கிறார். ஒரே சொல்தான் சொல்லப்போகிறார். அதோடு நாலு சொல் சேர்த்துச் சொல்ல உங்களுக்கு ஆசை வரும். வேண்டாம், கேட்டதை மட்டும் சொல்லுங்கள். அவள் பக்கத்தில்தான் நிற்கிறாள், காது நன்றாகக் கேட்கும். ஆனாலும் நீங்கள் வாயைத் திறந்து சொல்கிறவரைக்கும் அவள் அதைக் கேட்கவில்லை.