தீனிப்பையில் கிடந்தது

அன்று காலை ஏழு மணிக்குத் தோட்டத்தில் இருந்தவர்கள்: தபிதாள். அவளுடைய கொழுந்தன் ஆபேல். ஆபேலின் மனைவி ஹெப்சி. வேலிக்கு அந்தப் பக்கம் மல்லிகை போட்டிருக்கும் எல்லப்பன். கால்நடை மருந்தகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வுபெற்ற வேதாசலம், சட்டைப்பையில் ஒரு புது பிளேடோடு. செத்த கோழிகள் எட்டு. ஒன்பதாவது கோழி எல்லப்பன் வீட்டு வாசற்படியில் கிடந்தது. அதைக் கொண்டுபோய் அங்கே வீசியவள் தபிதாள்.

உயிரோடு மிஞ்சியது ஒன்றே ஒன்று. அறைக்குள் கூடையில் அடைகாத்துக்கொண்டிருந்த கருப்புப் பெட்டை. அதற்குத் தண்ணீரும் தீனியும் கூடைக்கே போய்விடும் என்பதால் பிழைத்தது.

மாமனார் விட்டுப்போன வீடு அது. தெருவைப் பார்த்த பக்கம் ஆபேலும் ஹெப்சியும். பின்னால் ஆறு சென்ட் தோட்டம், அதன் மூலையில் சிமென்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை, அதில் தபிதாள். இரண்டுக்கும் நடுவே ஒரு நடை, அதன் முடிவில் ஒரு மரக்கதவு. தபிதாளின் கணவன் யோபு செத்து ஆறு வருஷம் ஆகிறது. அவனுக்கு அடுத்த வருஷமே மாமனாரும் படுத்துவிட்டார். படுக்கையில் கிடந்தபடி, வேதாசலத்தைச் சாட்சிக்கு உட்காரவைத்து, தோட்டத்தில் கோழி இருக்கிற வரைக்கும் தோட்டம் மூத்த மருமகளுக்கு என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். பத்திரம் கிடையாது, பதிவு கிடையாது. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் தபிதாள் அந்த அறையில் இருந்தாள். அதே வார்த்தையை நம்பித்தான் ஆபேலும் காத்திருந்தான். தோட்டம் கைக்கு வந்தால் இரண்டு பவர்லூம் தறி போட வேண்டும் என்பது அவன் கணக்கு. பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு தறிக்காரனைக் கூட்டிவந்து, கோழிகள் மேயும்போதே இடத்தை அளந்தும் பார்த்துவிட்டான்.

தபிதாள் கடைத் தீனி ஒரு பிடிகூட உள்ளே விட்டதில்லை. இரண்டு பாத்தி கம்பு, ஒரு பாத்தி வெள்ளைச் சோளம், வேலி நெடுக முருங்கையும் அகத்தியும், தார்ப்பாய் விரித்த குழியில் தண்ணீரில் மிதக்கும் அசோலாப் பாசி. ஓட்டைப் பானைகளில் ஈரச்சாக்கும் காய்ந்த சாணியும் திணித்துச் சாயந்திரம் கவிழ்த்து வைப்பாள். விடிந்ததும் பானையைத் தூக்கினால் கரையான் அப்பிக் கிடக்கும், குஞ்சுகள் விழுந்தடித்துத் தின்னும். ஊரில் பிள்ளை பெற்ற வீடுகளில் இந்த முட்டைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். அவளுக்கு அதில் ஏகப்பட்ட கர்வம். மூட்டைத் தீனி போடுகிறவர்களை அவள் ஆளாகவே மதிப்பதில்லை.

கர்வம் ஆனி மாதத்தில் இடித்தது. பழைய கம்பு தீர்ந்துவிட்டது, புதுக்கதிரில் இன்னும் பால்கூடப் பிடிக்கவில்லை. கடையில் இரண்டு கிலோ வாங்கினால் தீர்ந்தது. அவள் வாங்கவில்லை. காலையில் அரைப்பிடி தானியம், மற்ற நேரமெல்லாம் இலை தழை. கோழிகள் இளைத்தபோது வெயில் என்று சொல்லிக்கொண்டாள். தினம் ஆறு ஏழு என்று வந்துகொண்டிருந்த முட்டை ஒன்று இரண்டு என்று ஆனபோது கீரியைச் சந்தேகப்பட்டாள். கீரி இல்லை என்று தெரிந்தபின் எல்லப்பனைச் சந்தேகப்பட்டாள்.

எல்லப்பனோடு சண்டை புதிதல்ல. ஆடிக் கிருத்திகைக்குக் கோயில் மலை அடிவாரத்துப் பூக்கடைகளில் மல்லிகைக்கு விலை ஏறும், அதற்காகச் செடியைக் குழந்தைபோல வைத்திருந்தான். கோழிகள் வேலியில் நுழைந்து வேரைப் பறித்தன. நாலு நாளைக்கு முன்னால் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நின்று, இனி வேலி தாண்டும் கோழி நடந்து திரும்பாது என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னான். நேற்றுச் சாயந்திரம் முதுகில் டப்பாவை மாட்டிக்கொண்டு செடிக்குப் பூச்சிமருந்தும் அடித்தான். இன்று விடிகாலையில் தபிதாள் கூண்டைத் திறந்தாள். ஐந்து விறைத்துக் கிடந்தன. மீதி நான்கும் கழுத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு வெளியே வந்து, பின்பக்கமாக நடந்து, ஒவ்வொன்றாக விழுந்தன. அவள் அழவில்லை. ஒன்றைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஆபேல் வீட்டு நடையைத் தாண்டித் தெருவுக்குப் போய், எல்லப்பன் வாசற்படியில் வீசினாள். பிறகு அவன் அம்மாவிலிருந்து ஆரம்பித்துப் பேரப்பிள்ளைகள் வரை திட்டினாள். பால் வாங்க வந்தவர்கள் சொம்போடு நின்று கேட்டார்கள்.

எல்லப்பன் திருப்பித் திட்டவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய் வேதாசலத்தைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவந்தான்.

"என் வாசல்ல செத்தத போட்ட. சரி. இப்ப அறுத்துப் பாக்கலாம்" என்றான் தபிதாளிடம். "என் தோட்டத்துல இன்னா கீது? பூவு, புல்லு, புழு. அதுல எதுனா உள்ள இருந்துச்சுன்னா நானே ஸ்டேஷனுக்கு நடந்து போறேன். இல்லன்னா நீ இன்னா பண்ணுவ?"

தபிதாள் வேதாசலத்தைப் பார்த்து அறுக்கச் சொன்னாள்.

ஆபேல் பல் துலக்கிக்கொண்டே வந்து நின்றான். செத்த கோழிகளின் பக்கம் அவன் கண் போகவில்லை. கம்புப் பாத்தி ஓரமாக அடிமேல் அடி வைத்து நடந்துகொண்டிருந்தான். வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, ஆனது ஆச்சு என்று ஆரம்பித்தான். இருப்பது ஒற்றைக் கோழி, அதை வைத்துக்கொண்டு தோட்டம் என்னுடையது என்று அண்ணி சொன்னால் ஊர் சிரிக்கும், அப்பா சொன்ன வார்த்தை இதோடு முடிந்தது என்றான். தபிதாளுக்குக் கோழி செத்ததற்கு வராத பயம் இப்போது வந்தது.

வேதாசலம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு கோழியை மல்லாத்தினார். கழுத்துக்குக் கீழே, நெஞ்சுக்கு மேலே, தின்றது முதலில் போய்த் தங்கும் தீனிப்பை இருக்கிறது. அந்த இடத்து மயிரைப் பிடுங்கி, தோலைக் கீறி, பையை வெளியே எடுத்து முறத்தில் கிழித்துக் கொட்டினார். நாற்றம் எழும்பியது. அகத்தி இலைத் துண்டுகள், நாலைந்து பொடிக்கல். மீதி எல்லாம் உப்பி வெளுத்த மக்காச்சோளம். ஈர்க்குச்சியால் ஒன்றைப் புரட்டினார். கதிரோடு ஒட்டியிருந்த நுனியில் மட்டும் ரோஸ் நிறம் லேசாக ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு கோழியை எடுத்துக் கீறினார். அதிலும் அதுவே.

"விதைச் சோளம். மருந்து கலந்து சாயம் ஏத்தி விப்பாங்களே, அது" என்றார்.

"மல்லிச் செடியில சோளம் காய்க்குதா தபிதாளு?" என்றான் எல்லப்பன்.

அந்தத் தெருவில் மக்காச்சோளம் போட்டவன் ஒருவன்தான். அம்மையார்குப்பம் போகும் வழியில் ஒரு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து, போன வாரம் விதைத்த ஆபேல். மிச்ச விதை நடைக்கு மேலே பரணில் இருப்பதாக அவனே சொன்னான். போய் எடுத்துவந்தான். கட்டி வைத்த மூட்டையின் வாய் அவிழ்ந்து, ஒரு படி அளவு குறைந்திருந்தது. எலி என்றான். எலி தின்றிருந்தால் எலியும் இங்கே மல்லாந்து கிடக்கும் என்றார் வேதாசலம். ஆபேல் மூட்டையைப் பார்த்தான், பிறகு மெதுவாகத் தன் மனைவியைப் பார்த்தான்.

ஹெப்சி நைட்டியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்க ஒன்றுமில்லை.

"அலசித்தான் போட்டேன்" என்றாள். "மூணு தண்ணி. செவப்பே இல்லாத வரைக்கும் அலசுனேன்."

நிறம் போகும், மருந்து போகாது என்றார் வேதாசலம். இத்தனை வருஷ உத்தியோகத்தில் இதை அவர் எத்தனை வீட்டில் சொல்லியிருப்பாரோ, குரலில் ஆச்சரியம் இல்லை.

தபிதாளுக்கு மருந்தைவிட வேறொன்று உறைத்தது. அடுத்தவள் கோழிக்குத் தீனி போட ஹெப்சி என்ன தருமவதியா? கோழி தின்ற இடத்தைத்தான் சுற்றும், சுற்றுகிற இடத்தில்தான் முட்டையும் வைக்கும். ஹெப்சியைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு நடைக்குள் போனாள். குளியலறைக்குப் பின்னால் விறகு அடுக்கிய இடத்தில் ஒரு சாக்கு தொங்கியது. விலக்கினாள். தறிக் கழிவு நூலை மெத்தைபோலப் பரப்பி ஒரு பிளாஸ்டிக் டப். உள்ளே மூன்று முட்டை. டப்பைத் தூக்கிவந்து முறத்துக்குப் பக்கத்தில், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்தாள்.

"ஆங், எடுத்தேன்" என்றாள் ஹெப்சி. மாட்டிக்கொண்டவள் குனிவாள் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். "நானா கூப்ட்டேன்? பசியில வந்துச்சுங்க. மூணு வாரமா ஆட்டுக்குப் போடற மாதிரி தழையப் போட்டுகினு, என் கோழி என் மண்ணுல வெளைஞ்சததான் தின்னும்னு பீத்திகினு கீறியே அக்கா, அதுங்க வயித்தத் தடவிப் பாத்தியா? நான் ரேஷன் அரிசி போட்டேன். தின்னுச்சுங்க, முட்டை வெச்சுச்சுங்க. நேத்து அரிசி தீந்துடுச்சு. கையில கெடச்சத போட்டேன். கொல்லணும்னு போடல."

அதில் பொய் இல்லை. அது தபிதாளுக்குத் தெரிந்தது. அதனாலேயே அவளைக் கிழித்துப்போட வேண்டும்போல இருந்தது.

"என் கையில பசியோட இருந்துச்சுங்க" என்றாள். "உன் கையில செத்துச்சுங்க."

எல்லப்பனுக்கு இந்த வீட்டு வழக்கில் அக்கறை இல்லை. அவன் கேட்டது ஒன்றுதான்: என் வாசலுக்கு வா. தபிதாள் வாளியோடு போனாள். படியில் கிடந்ததை எடுத்தாள், படியைக் கழுவினாள், ஈ மொய்த்த இடத்தைத் துடைப்பத்தால் தேய்த்தாள். தப்பாகப் பேசிவிட்டேன் என்றாள். கேட்கவில்லை, சத்தமாகச் சொல் என்றான். அவள் சத்தமாகச் சொல்லவில்லை. இரண்டாம் தடவையும் சொல்லவில்லை. செத்தது என் மருந்தால் இல்லை என்பதால் உன் கோழிகளுக்கு என் வேலியில் வழி கிடைத்துவிட்டதாக நினைக்காதே, அடுத்தது வந்தால் அப்போதும் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டு அவன் பூப்பறிக்கப் போய்விட்டான்.

திரும்பி வந்தபோது ஆபேல் வேதாசலத்தை மடக்கி வைத்திருந்தான். ஒரு கோழி கோழியா, அப்பா சொன்னது நாலு கோழி மேய்கிற தோட்டத்தைத்தானே என்று வாதாடிக்கொண்டிருந்தான். கடைசியில், யார் கொன்றால் என்ன, கோழி இல்லை என்பது இல்லைதானே என்றும் சொல்லிவிட்டான். அதைச் சொல்லியிருக்க வேண்டாம். வேதாசலம் பிளேடைத் தாளில் மடித்து வைத்துக்கொண்டு எழுந்தார்.

"உங்கப்பா எண்ணிக்கை சொல்லல ஆபேலு. ஒண்ணு உசுரோட கீது. மத்தத கொன்னது உன் மூட்டை. என்ன எங்க கூட்டிகினு போய் கேட்டாலும் ரெண்டயும் சேத்துத்தான் சொல்வேன்."

ஆபேலுக்குக் காது சிவந்தது. தறிக்காரனிடம் முன்பணம் கொடுத்திருந்தானோ என்னவோ, கண் மறுபடி கம்புப் பாத்திக்கே போனது. வேதாசலம் அவனிடம் வேறு வேலையைச் சொன்னார். செத்ததை எவனாவது கறிக்குக் கேட்டால் கொடுத்துவிடாதே, நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதை, அந்த மூன்று முட்டையையும் உடைத்து உள்ளே ஊற்று. சொல்லிவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் கிளம்பிவிட்டார்.

தபிதாள் கடப்பாரையைக் கொண்டுவந்து கொழுந்தன் முன்னால் போட்டாள். அவன் தோண்டினான். அவள் நின்று பார்த்தாள். முழங்கால் ஆழத்தில் நிறுத்தப்பார்த்தான், இடுப்பளவுக்குத் தோண்ட வைத்தாள். ஒன்பதையும் ஒவ்வொன்றாக அவளே இறக்கினாள். முட்டைகளை உடைத்து மேலே ஊற்றினாள். மண்ணைத் தள்ளி மிதித்தான். அவன் நிமிர்ந்தபோது அவள் கை நீட்டியபடி நின்றாள்.

"இன்னா அண்ணி?"

"நடைக்கதவு சாவி."

பொதுக்கதவு, சாவி எப்போதும் ஆணியில்தானே மாட்டியிருக்கிறது, அதை ஒருத்தர் வைத்துக்கொள்வது என்ன நியாயம் என்று கேட்டான்.

"பொதுவா இருந்ததுல ஒம்போது போச்சி. இருக்கிற ஒண்ணு பொதுவுல இருக்காது. குஞ்சு பொரிச்சா அதுவும் இருக்காது. குடு, இல்லன்னா வேதாசலம் ஐயாவ திரும்பக் கூப்புடறேன்."

அவன் உள்ளே போய் ஆணியிலிருந்து பூட்டையும் சாவியையும் எடுத்துவந்து அவள் கையில் வைக்காமல் துவைக்கல்மேல் போட்டுவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு போனான். ஹெப்சி மட்டும் நின்றாள். கொடியில் அவள் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. ஈரம் போகாத துணிகளை ஒவ்வொன்றாக இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். அவசரமே படவில்லை. டப் என்னுடையது என்றாள். தபிதாள் நூலை உதறிவிட்டு டப்பை எட்டி உதைத்தாள். அது உருண்டு ஹெப்சியின் காலடியில் நின்றது.

"பூட்டிகினு நீ இன்னா பண்ணுவ? வெளிய போவணும்னா எங்க வூட்டு நடை வழியாத்தான் போவணும். அப்ப பாத்துக்கறேன்."

"பாத்துக்க."

"ஒரு வாய்த் தண்ணி குடுக்க ஆள் இல்லாம இந்த ஷீட்டுக்கு அடியில கெடந்து சாவப்போற அக்கா."

"நீ குடுக்கிற தண்ணிய அதுங்க குடிச்சுப் பாத்துடுச்சுங்க" என்றாள் தபிதாள்.

ஹெப்சி டப்பை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு நடைக்குள் காலை வைத்தாள். அடுத்த காலும் உள்ளே போகிற வரை தபிதாள் காத்திருந்தாள். பிறகு அவள் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்தி, நாதாங்கியைப் போட்டு, பூட்டை மாட்டி, சாவியை இரண்டு சுற்றுச் சுற்றினாள்.