வரி விடாமல் படித்தவர்

மூன்று மதங்களின் பிரார்த்தனைகளை ஆராய்ந்து, ஆறு வருடம் அவள் மாடாய் உழைத்து எழுதிய ஆய்வேடு. முதல் இயல் பாவம், இரண்டாவது தண்டனை, மூன்றாவது மன்னிப்பு, கடைசியில் முடிவுரை. வாய்மொழித் தேர்வு நடத்த வந்த வெளியூர்ப் பேராசிரியர் அதை அரை மணி நேரமாகக் கிழிகிழியென்று கிழித்துக்கொண்டிருந்தார்.

“அதுலயும் அந்த மூணாம் இயல் சுத்தக் குப்பை! ஆராய்ச்சியாம்மா அது? பக்திப் பிரசங்கம். வரி விடாம படிச்சதுல எனக்குத் தலைவலியே வந்துடுச்சு.”

அவளுடைய நெறியாளர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எந்தப் பக்கம் சார்?” என்று கேட்டாள்.

பேராசிரியர் புரட்டினார், புரட்டிக்கொண்டே இருந்தார். அவள் எழுந்து போய், அவர் கையிலிருந்த பிரதியை வெடுக்கென்று வாங்கிப் பார்த்தாள். பைண்டிங் கடைக்காரர் தண்டனையையே இரண்டு தடவை வைத்துத் தைத்திருந்தார். அடுத்து முடிவுரை. மூன்றாம் இயல் அதில் இல்லவே இல்லை.

பிரதியை மேஜையில் எல்லோரும் பார்க்க விரித்து வைத்தாள். பேராசிரியர் முகத்தில் ஈயாடவில்லை.

“ஏதோ அவசரத்துல சொல்லிட்டேன், மன்னிச்சிடும்மா.”

“மன்னிப்பு மூணாம் இயல்ல இருக்கு சார். படிச்சுட்டு வந்து கேளுங்க.”