இல்போ கொடுக்காத வாக்கு

இல்போவும் நானும் ஒரே லேத்தில் மாறி மாறி ஷிப்ட் பார்த்தவர்கள். படகு என்ஜின் பழுது பார்த்த எங்கள் பட்டறை, இருபது வருடத்தில் சிலி நாட்டுச் சுரங்கங்களுக்குப் பாறை நொறுக்கும் எந்திரம் அனுப்பும் அளவுக்கு வளர்ந்தது. எங்கள் முதுகும்தான் நொறுங்கியது. அவன் நிர்வாக இயக்குநரானான், நான் தொழிற்சங்கத் தலைவனானேன். சனிக்கிழமை சவுனா என்னும் நீராவிக் குளியலறையில் ஒன்றாக வியர்ப்பதை மட்டும் விடவில்லை.

ஸ்வீடன்காரர்கள் கம்பெனியை விலைக்குக் கேட்டார்கள். அவர்கள் கைக்குப் போனால் வார்ப்படக் கூடத்துக்கு மூடுவிழாதான். நூற்றுப்பத்துப் பேர் தெருவில் நிற்பார்கள். தொழிலாளர்களிடம் இருந்த பங்குகளின் ஓட்டு ஆதரவாக விழாவிட்டால் விற்க முடியாது.

"ஆளாளுக்குத் தனித்தனியா போட்டா எடுபடாதுடா கௌக்கோ. எல்லார் ஓட்டையும் என் பேருக்கு எழுதிக் குடுங்க" என்றான் இல்போ.

அந்தச் சனிக்கிழமை, கொதிக்கும் கற்கள்மேல் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கேட்டேன்: "விக்கக் கூடாதுன்னுதானே போடுவே?"

அவன் பேசவில்லை. ஆவி அடங்கும்வரை தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். எங்களுக்கு அதுவே சத்தியம். அம்மணமாக உட்காரும் இடத்தில் எவனும் ஏமாற்ற மாட்டான், மறுக்காதவன் ஒப்புக்கொண்டவன். இரண்டாம் முறை கேட்பது அவனை அவமதிப்பது. நான் கேட்கவில்லை, மடையன்.

திங்களன்று கேன்டீனில் சொன்னேன்: "இல்போ வாக்குக் குடுத்துட்டான்."

"நிஜமாவா?" என்றான் வார்ப்படக் கூடத்து ஐமோ.

"நிஜமாத்தான்."

ஓட்டை இல்போ பேருக்கு எழுதிய தாளில் முதல் கையெழுத்து ஐமோவுடையது.

ஹெல்சிங்கியில் நடந்த பங்குதாரர் கூட்டத்தில் எங்கள் ஓட்டு மொத்தத்தையும் விற்பதற்கே போட்டான் இல்போ. வாசலில் அவன் கோட்டைப் பிடித்தேன். "அடப்பாவி, கூட இருந்தே கழுத்தறுத்துட்டியேடா!"

"வாக்குக் குடுத்தேனா? ஒரு வார்த்தை சொன்னேனா, சொல்லு!"

அவன் சொல்லவில்லைதான்.

மறுநாள் கேன்டீனில் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். எவ்வளவு திட்டினாலும் ஆறவில்லை. என்னோடு சேர்ந்து எல்லாரும் அவனைத் திட்டுவார்கள் என்று நினைத்தேன். ஐமோ மட்டும் கேட்டான்: "அப்போ அவன் வாயே திறக்கலையா?"

"இல்ல."

"வாக்குக் குடுத்துட்டான்னு எங்ககிட்ட சொன்னது யாரு?"

ஐமோ எழுந்து நின்றான்.

"இல்போ யாரோ எவனோ. நான் கையெழுத்துப் போட்டது உன்னை நம்பி" என்று சொல்லிவிட்டு, தன் காபிக் கோப்பையை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனான்.