டிரைவர் பக்கம்

டிராக்டர் முந்திப்போனதைக்கூட குலசேகரன் பொறுத்துக்கொண்டிருப்பார். அதன் டிரெய்லரில் வைக்கோல் மேல் உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்துக்கொண்டே டாட்டா காட்டிவிட்டுப் போனார்கள் பாருங்கள், அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அம்பகரத்தூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில் நடந்த கூத்து இது. எண்பத்தாறாம் வருஷம், சித்திரை வெயில். குலசேகரன் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அப்படிப்பட்டவர்களைக் காரைக்காலில் சொல்தா என்பார்கள். ஊர் திரும்பியபோது மற்ற சொல்தாக்கள் ரேடியோவும் கோட்டும் கொண்டுவந்தார்கள். இவர் ஒரு நீல நிற டர்போ காரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார். வந்த நாளிலிருந்து கண்ணில் படுகிறவர்களையெல்லாம் நிறுத்திவைத்துப் பாடம் நடத்தினார். வெளியே போகிற புகை ஒரு குட்டிச் சக்கரத்தைச் சுற்றுமாம், அந்தச் சக்கரம் காற்றை உறிஞ்சி என்ஜினுக்குள் திணிக்குமாம், அப்புறம் வண்டி பறக்குமாம். ஊரே கேட்டு வாயைப் பிளந்தது. அந்த வண்டிதான் இரண்டாம் கோடையில், அழுத்தினால் மூச்சு முட்டி, இருமி, டிராக்டருக்கு வழிவிட்டு ஒதுங்கியது. மானம் கப்பலேறிவிட்டது.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் மகளைக் கூப்பிட்டார்.

"ஜெனி, பாண்டிச்சேரி தெட்சிணாமூர்த்திக்குச் சொல்லி அனுப்பிட்டேன். வெளிநாட்டு வண்டி வாங்கி விக்கிறவரு. சனிக்கெழம வர்றாரு. ஓட்டிப் பாத்துட்டு எடுத்துக்கிட்டுப் போவட்டும்."

"என்ன கோளாறுன்னு பாக்க வேணாமா பப்பா?"

"எல்லா மெக்கானிக்கும் பாத்தாச்சு. இந்த ஊரு வெயிலு அதுக்கு ஆவாது. என்னை மாதிரிதான். பேசாம அங்கேயே கெடந்திருக்கணும்."

ஜெனேவியேவுக்குச் சுருக்கென்றது. அவளுக்கு வயது இருபத்தெட்டு, பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு வாத்தியார். காரைக்காலில் கார் ஓட்டுகிற ஒரே பெண் தான்தான் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, அதை ஒத்துக்கொள்ளவும் செய்வாள். நடந்து போனால் தெருவுக்கு நாலு பேர், எப்பம்மா கல்யாணம் என்று நிறுத்திக் கேட்பார்கள். ஓடுகிற காரை நிறுத்தி யாரும் கேட்க முடியாது. அந்த ஸ்டியரிங்கைப் பிடித்தால்தான் அவளுக்கு மூச்சே சீராக வரும். அதை எவனோ ஒருத்தன் பாண்டிச்சேரிக்கு ஓட்டிக்கொண்டு போவதா? அப்பா வேறு, வண்டியோடு சேர்த்துத் தன்னையும் பழசுக்குப் போட்டுவிட்டார். அது அவளுக்கு அதைவிடப் பொறுக்கவில்லை.

மறுநாளே வைத்தியலிங்கத்தின் பட்டறைக்குப் போனாள். திருநள்ளாறு ரோட்டில் பம்புசெட்டுக்குக் குழாய் வெட்டி, வளைத்து, கேஸ் வெல்டிங் வைத்துக் கொடுக்கிற பட்டறை அது. வைத்தியலிங்கத்துக்கு வேலையும் தெரியும், வாயும் தெரியும். எது அதிகம் என்று கேட்டால் ஊரில் இரண்டு கட்சி உண்டு.

"கார்ல கை வெச்சதில்ல தங்கச்சி. அதனால என்ன? உறிஞ்சுறது தண்ணியா இருந்தா என்ன, காத்தா இருந்தா என்ன? நம்ம கிட்ட வந்துட்டீங்கல்ல, விடுங்க."

கொஞ்ச நேரம் பார்த்தார். ஒன்றும் புரியவில்லை. வண்டி நிற்கும்போது எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஓடும்போது என்ன ஆகிறது என்று யாருக்குத் தெரியும்? அப்போதுதான் ஜெனேவியேவுக்கு அந்தப் பைத்தியக்கார யோசனை வந்தது.

"அண்ணே, பானெட்டைக் கழட்டிடுங்க. தெறந்த வண்டியை ஓட்டுவோம். என்ன நடக்குதுன்னு கண்ணாலயே பாத்துடலாம்."

விடியற்காலை, கடற்கரைச் சாலை. மூடியில்லாத காரில் ஜெனேவியேவ் இடது பக்கம் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, வைத்தியலிங்கம் வலது பக்கம் கண்ணாடியில் மூக்கு ஒட்ட உட்கார்ந்திருந்தார். மீன் கூடையோடு போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவள் மூன்றாவது கியரில் போட்டு ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்தினாள். வண்டி சீறிக் கிளம்பி, வழக்கம்போல இருமத் தொடங்கியது.

"அண்ணே, அங்க பாருங்க!"

காற்று வடிகட்டியிலிருந்து டர்போவுக்குப் போகிற கருப்பு ரப்பர் குழாய், கலர் பாட்டிலில் போட்ட காகிதக் குழல் மாதிரி சப்பிப்போயிருந்தது. காலை எடுத்தாள். பொதுக்கென்று உப்பிக்கொண்டது. அழுத்தினாள். மறுபடி சப்பியது. வெயிலில் ரப்பர் இளகிவிட்டது, டர்போ உறிஞ்சுகிற உறிஞ்சலுக்கு அது நின்று கொடுக்கவில்லை, அவ்வளவுதான். குழாய் ஒல்லி வேறு. போதாததற்கு பேட்டரியைச் சுற்றிக்கொண்டு முறுக்குப் பிழிந்த மாதிரி வளைந்து போனது.

"உறிஞ்சுற குழாய் சப்புதுடா சாமி!" என்று வைத்தியலிங்கம் தன் தொடையில் அறைந்துகொண்டார். "இரும்புல போட்டுருவோம் தங்கச்சி. மூணு அங்குலம். எவன் சப்புறான்னு பாக்குறேன்!"

இரண்டு பேரும் நடுரோட்டில் சின்னப் பிள்ளைகள் மாதிரி கத்திச் சிரித்தார்கள்.

காரைப் பட்டறையிலேயே விட்டுவைக்க முடியாது. அப்பா தினமும் ஒரு தடவை அதைத் துடைக்காமல் காப்பி குடிக்க மாட்டார், விற்கப்போகிற வண்டியாக இருந்தாலும். அதனால் ஜெனேவியேவ் சாணாலும் முழத்தாலும் அளந்துவைத்துக்கொண்டு வந்து சொன்னாள். வைத்தியலிங்கம் தரையில் சாக்கட்டியால் படம் போட்டார்.

"டர்போ வாயிலேருந்து ஒரு சாண் நேரா மேல வரணும்ணே. அங்கேருந்து டிரைவர் பக்கம் திரும்பி ஒரு முழம். கடைசியில முன்னால சாஞ்சு கீழ எறங்கணும்."

"டிரைவர் பக்கம், ஒரு முழம். ஆச்சு, முடிஞ்சுது."

மெல்லிய இரும்புக் குழாயைச் சாய்வாகத் துண்டு போட்டு, துண்டுகளை ஒட்டவைத்து, கோணமே தெரியாமல் ஒரு வளைவைக் கொண்டுவந்தார். அழகாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே வெல்டிங் பிசிறு முள் முள்ளாக நின்றது. காற்று அதில் இடித்துக்கொண்டு போகக் கூடாது, உதிர்ந்து ஒரு துணுக்கு உள்ளே போனாலும் டர்போச் சக்கரம் தூள். அவருடைய கை குழாய்க்குள் நுழையவில்லை. ஜெனேவியேவ் வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, வளைந்த அரத்தைப் பிடித்துக்கொண்டு கையை உள்ளே விட்டாள். பள்ளிக்கூடம் விட்டதும் பட்டறை, பட்டறை விட்டால் வீடு. விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்தது. உள்பக்கத்தைத் தடவிப் பார்க்கும்போது கண்ணாடி மாதிரி வழுக்கியதும் அவளுக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி, துணி விட்டுத் துடைத்து, மறுபடி கழுவினாள். பெஞ்சில் புரட்டிப் புரட்டி வேலை பார்த்ததில் எது இடம் எது வலம் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் மாட்டிப் பார்க்கக் காரைக் கொண்டுவந்தாள். பழைய குழாயைக் கழற்றினார்கள். வைத்தியலிங்கம் மாப்பிள்ளைக்கு மாலை போடுகிற மாதிரி புதுக் குழாயைத் தூக்கிக்கொண்டு வந்து டர்போ வாயில் பொருத்தினார்.

குழாய் எதிர்ப் பக்கம் திரும்பி நின்றது.

"என்னண்ணே இது? வடிகட்டி இங்கதானே இருக்கு! இது அங்க போவுது!"

"நீங்கதானே டிரைவர் பக்கம்னீங்க? டிரைவர் பக்கம்னா வலது, கிளீனர் பக்கம்னா இடது. லாரி ஓடுற ஊருல பச்சப் புள்ளையக் கேளுங்க, சொல்லும்!"

"இந்த வண்டியில டிரைவர் இடது பக்கம்ணே! நானே இடது பக்கம் உக்காந்துதானே ஓட்டுறேன், பக்கத்துலயே இருந்து பாத்தீங்கல்ல!"

வைத்தியலிங்கம் ஸ்டியரிங்கைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். புரட்டிப் போட்டால் கடைசி வளைவு வானத்தைப் பார்த்தது, பானெட் மூடாது. வேறு குழாய் செய்ய நேரமில்லை. காலையில் தெட்சிணாமூர்த்தி வந்து நிற்பார்.

"ஒண்ணு பண்ணலாம் தங்கச்சி," என்றார் மெதுவாக. "பழச மாட்டிவுட்டுருவோம். வண்டி இருமுறதப் பாத்தா அந்தாளு வந்த வழியே ஓடிருவாரு. வண்டி உங்ககிட்டயே தங்கிடும்."

அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். நல்ல யோசனைதான். ஆனால் நாளைக்குப் பின் சீட்டில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கப்போகும் அப்பாவின் முகம் கண்முன் வந்தது.

"வேணாம்ணே. பப்பாவுக்கு முன்னால இந்த வண்டி இன்னொரு தடவ இருமக் கூடாது. வித்தாலும் பரவால்ல."

சொல்லிவிட்டாளே தவிர அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோபத்தில் குழாயின் அந்தப் பக்கத்து வாயைப் பிடித்து ஆட்டினாள். ஆட்டிய கை அப்படியே நின்றது. வாய் போய் முடிந்த இடம் வலது விளக்குக்குப் பின்னால் ஒரு காலிப் பொந்து. கண்ணாடி துடைக்கிற தண்ணீர் டப்பா மட்டும் அங்கே இருந்தது. கையை விட்டுப் பார்த்தாள். இதமாக இருந்தது. இடது பக்கம், பழைய வடிகட்டி இருந்த இடத்தில் கையை வைத்தாள். தோசைக்கல் மாதிரி சுட்டது. புகைக் குழாய் அந்தப் பக்கமாகத்தான் இறங்குகிறது.

"அண்ணே! இத்தன நாளா இது கொதிக்கிற காத்தைக் குடிச்சிருக்குண்ணே! வலது பக்கம் பாருங்க, பேட்டரியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நேரா போவுது! வடிகட்டியைத் தூக்கி அங்க வெச்சிருங்க!"

"அதத்தான் நான் மொதல்லயே நெனச்சேன்" என்று ஆரம்பித்த வைத்தியலிங்கம், அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டு ஸ்பேனரைத் தேடினார். தண்ணீர் டப்பா இடம் பெயர்ந்தது. வடிகட்டிக்கு ஒரு தகட்டுத் தாங்கி வந்தது. இரண்டு முனையிலும் பம்புக்குப் போடுகிற கேன்வாஸ் ஹோஸில் ஒரு துண்டு வைத்து கிளிப்பை முறுக்கினார்கள். வெளிச்சம் போவதற்குள் பானெட் மூடியது. ஓட்டிப் பார்க்கத்தான் பொழுதில்லை.

சனிக்கிழமை திருநள்ளாறு ரோடு பக்தர் கூட்டத்தில் நெரியும். அதனால் காலையில் வரிச்சிக்குடிப் பக்கம் திருப்பினாள். தெட்சிணாமூர்த்தி அவளுக்குப் பக்கத்தில், அப்பா பின் சீட்டில். ஊர் தாண்டும்வரை மெதுவாகத்தான் போனாள். அறுத்த வயல்களுக்கு நடுவே ரோடு காலியாக நீண்டதும், மூன்றாவது கியர். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள்.

ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு பானெட்டுக்குள் இருந்து ஒரு விசில் கிளம்பியது. மெல்லிசாகத் தொடங்கி ஏறிக்கொண்டே போனது, வண்டி முதுகில் கை வைத்துத் தள்ளியது. இருமல் இல்லை, திணறல் இல்லை. தென்னை மரங்கள் பின்னால் ஓடின. தெட்சிணாமூர்த்தி கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு முருகா என்றார். நாலாவது கியர். ஜெனேவியேவ் என்ன கத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. பின்னாலிருந்து வேறொரு சத்தம் கேட்டது. கண்ணாடியில் பார்த்தாள். அப்பா முன் சீட்டைக் கட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, "அலே! அலே!" என்று பிரெஞ்சில் வண்டியைப் போ போ என்று விரட்டிக்கொண்டிருந்தார்.

வாய்க்கால் மதகருகில் நிறுத்தினாள்.

தெட்சிணாமூர்த்திதான் முதலில் தேறி, குலசேகரன் பக்கம் திரும்பினார். "முசியே, என்னமோ சொன்னாங்க, வண்டி இழுக்கலன்னு. இது மாதிரி நான் பாத்ததே இல்ல. இப்பவே எடுத்துக்கிறேன். சாவியக் குடுங்க."

ஜெனேவியேவ் ஸ்டியரிங்கை விடவில்லை. நன்றாக ஓடவைத்தாகிவிட்டது, நன்றாக ஓடுவதாலேயே போகப்போகிறது. பழைய குழாயோடு விட்டிருந்தால் வீட்டிலேயே நின்றிருக்கும். அதற்காக அவள் வருத்தப்படவில்லை. அப்பா சிரித்ததைப் பார்த்தாயிற்று. அது போதும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள், போதவில்லை.

குலசேகரன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முன்னால் குனிந்து, ஸ்டியரிங் மேல் இருந்த மகளின் கையைப் பார்த்தார். தோல் உரிந்த முட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எங்கிட்ட ஏன் கேக்குறீங்க?" என்றார். "வண்டி என் மவளோடது. அவ குடுத்தா எடுத்துக்கங்க."

அந்த வீட்டில் இதுவரை அப்படி ஒரு வார்த்தை யாரும் சொன்னதில்லை. தெட்சிணாமூர்த்தி அவள் பக்கம் திரும்பினார்.

"என்னம்மா சொல்றீங்க?"

"மன்னிச்சுக்கங்க சார்," என்றாள். "கொஞ்சம் பின்னால போயி உக்காருங்களேன். பப்பா முன்னால வரட்டும்."