துரு நிறக் கோடு

எங்கள் தோட்டத்தில் நானூறு வாழை. தார் தள்ளுகிற நேரம் பார்த்து இலைப்புள்ளி நோய் வந்தது. வயிற்றில் அடிக்கிற நோய் இது. தார் தள்ளிய மரத்தில் எட்டு இலையாவது பச்சையாக நின்றால்தான் காய் திரளும். இல்லாவிட்டால் சூம்பிப்போகும்.

விவசாய ஆபீஸ் அம்மா முன்பே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "மேலேருந்து மூணாவது, நாலாவது இலையைத் தினமும் பாருங்க. துரு நிறத்துல, பென்சில்ல கிழிச்ச மாதிரி சின்னக் கோடு தெரியும். அப்பவே அந்த இடத்தை வெட்டி எரிச்சிட்டு, இலையோட அடிப்பக்கமும் நனையிற மாதிரி மருந்து அடிச்சா தப்பிச்சிடலாம். புள்ளியாகி நடுவுல சாம்பல் பூத்துட்டா கஷ்டம்."

பார்க்கும் வேலை என் வீட்டுக்காரருக்கு. தினமும் காலையில் போய் ஒவ்வொரு மரமாக அண்ணாந்து பார்ப்பார். வந்து "ஒண்ணும் இல்ல" என்பார். மூன்று வாரம் கழித்து நானே போனேன். முப்பது மரங்களில் இலை சாம்பல் பூத்துக் கிடந்தது. வந்ததே கோபம் எனக்கு!

"தோட்டத்துக்குப் போனீங்களா, இல்ல வரப்புல படுத்துத் தூங்கிட்டு வந்தீங்களா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மறுபடியும் தோட்டத்துக்கே போனார்.

ஆபீஸ் அம்மா வந்து ஓர் இலையை வளைத்துப் பிடித்தார். "இதோ, புதுக் கோடு. பக்கத்து மரத்துக்கும் தொத்தியிருக்கு" என்றார். தள்ளி நின்ற எனக்கே பளிச்சென்று தெரிந்தது. இவர் குனிந்தார், நிமிர்ந்தார், இலையை வெயிலுக்குக் காட்டினார். "எங்கேம்மா இருக்கு?" என்றார். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

அந்த அம்மா போனபின் மெதுவாகச் சொன்னார். "எனக்குப் பச்சையும் அந்தத் துருவும் ஒண்ணாத்தான் தெரியும். சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். வெளிய தெரிஞ்சா பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு எங்கம்மா என் வாயைக் கட்டிட்டாங்க. அப்புறம் உங்கிட்ட சொல்ல வெக்கமா போச்சு. உத்துப் பாத்தா தெரிஞ்சிடும்னு நினைச்சேன். சாம்பல் பூத்தப்புறந்தான் கண்ணுல பட்டுச்சு, அப்ப சொல்ல பயந்துட்டேன்."

பழுத்த தக்காளி பறிக்கச் சொன்னால் பாதிக்குப் பாதி காயாகக் கொண்டுவருவார். அதற்காக 'அரைவேக்காடு' என்று பட்டப்பெயரே வைத்திருந்தேன். பதினெட்டு வருஷம்! பாவி, என்னவெல்லாம் பேசியிருக்கிறேன்.

அழுதால் இலை பச்சையாகிவிடுமா? முப்பது மரம் போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்ற வேண்டும். எனக்குக் கண் இருக்கிறது, கை எட்டாது. அவருக்கு எட்டும். அரிவாளை நீளக் கம்பில் கட்டிக்கொண்டு இறங்கினோம்.

"இதுவா?"

"இல்ல, அதுக்கு மேல."

"முழுசா வெட்டவா?"

"ஐயையோ, நுனி மட்டும். மிச்சம் நல்லாத்தான் இருக்கு."

தெரியாத ஊரில்கூட யாரிடமும் வழி கேட்காத மனிதர். அன்று பொழுது சாயும்வரை, ஒவ்வோர் இலைக்கும் என்னைக் கேட்டுக் கேட்டு வெட்டினார். நான் ஒரு தடவைகூடச் சலித்துக்கொள்ளவில்லை.